கிளட்ச் பெடல் இல்லாத லாரி: வாங்குவதற்கு முன்பிருந்து தொப்பூர் இறக்கம் வரை

"கிளட்ச் இல்லாத லாரி" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அது சரியில்லை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. காணாமல் போனது பெடல் மட்டும்தான். இது புரிந்துவிட்டால், ஏஎம்டி லாரியை, அதாவது கிளட்சையும் கியரையும் கணினியே இயக்கும் லாரியை, வாங்குவதிலும் ஓட்டுவதிலும் வரும் பாதித் தகராறு தீர்ந்துவிடும். இருக்கிற கிளட்ச் எரியத்தான் செய்யும். யாரும் மிதிக்காமலேயே எரியும்.

இரண்டு மூன்று வண்டி வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் கடன் பேசிக்கொண்டிருப்பவருக்கும், பதினைந்து வருடம் மேனுவலில் ஓட்டிவிட்டுத் திடீரென்று ஏஎம்டி சாவியைக் கையில் வாங்கிய ஓட்டுநருக்கும் இதை எழுதுகிறேன். நூறு வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தனி ஆளே இருப்பார்.

1. மூன்று வகையையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மேனுவலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நம் கனரக லாரிகளில் பெரும்பாலும் 6 கியர் அல்லது 9 கியர் பெட்டி. 9 கியர் என்றால் மிக மெதுவாக ஊர ஒரு கிராலர், கீழ் வரிசையில் நான்கு, மேல் வரிசையில் நான்கு.

ஏஎம்டி என்பது அதே பல்சக்கரப் பெட்டிதான். கிளட்சை அழுத்துவதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் நம் கைகாலிலிருந்து காற்றழுத்தத்துக்கும் ஒரு கணினிப் பெட்டிக்கும் போய்விட்டன. நெடுந்தூர டிரெய்லர்களில் வரும் 12 கியர் ஏஎம்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே அடிப்படைக் கியர் மூன்றே மூன்று இருக்கும் வடிவமைப்பு உண்டு. அவற்றை ஸ்பிளிட்டர் என்ற துணைக் கியர் இரண்டாக்குகிறது, ரேஞ்ச் என்ற இன்னொன்று மறுபடி இரண்டாக்குகிறது. மூன்றை இரண்டால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு.

பழைய ஓட்டுநர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கியர்கள் உரசாமல் சேர அவற்றின் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோமெஷ் வராத காலத்தில் இரட்டைக் கிளட்ச் மிதித்து, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் வராமல் கியர் போடுவதுதான் ஓட்டுநரின் கைத்திறனுக்கு அடையாளம். இன்றைய பெரிய ஏஎம்டிகள் பலவற்றின் மையப் பெட்டியில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கியரை இறக்கும்போது எஞ்சின் வேகத்தைக் கணினியே ஏற்றுகிறது. கியரை ஏற்றும்போது உள்ளே சுழலும் தண்டை ஒரு சிறு பிரேக் போட்டு நிதானப்படுத்துகிறது. அன்றைக்குக் கால் செய்த வேலையைத்தான் இன்றைக்கு சென்சார் செய்கிறது.

மூன்றாவது, கார்களில் வருவதுபோல டார்க் கன்வர்ட்டர் வைத்த முழு ஆட்டோமேட்டிக். இதில் உராயும் கிளட்ச் வழியாக வண்டி கிளம்புவதில்லை. எண்ணெய்ச் சுழற்சி சக்தியைக் கடத்துகிறது. கியர் மாறும் நொடியிலும் இழுவை அறுந்து போகாது. அதனால்தான் சுரங்க டம்பர்களிலும் தீயணைப்பு வண்டிகளிலும் இதை விரும்புகிறார்கள். விலை அதிகம். நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றும் வண்டிக்கு இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஏஎம்டி நேற்று வந்த சங்கதி இல்லை. மெர்சிடிஸ் 1985இல் கொண்டுவந்த முறையில் கியரைக் காற்றழுத்தம் மாற்றியது, கிளட்சை ஓட்டுநரே மிதித்தார். வால்வோ ஐ-ஷிஃப்ட் 2001இல் வந்தபோது கிளட்ச் பெடல் போய், பிரேக், ஆக்சிலரேட்டர் என இரண்டு பெடல்தான் மிஞ்சியது. இங்கே இத்தனை வருடம் தாமதமானதற்கு விலை ஒரு காரணம், பழைய எஞ்சின் இன்னொரு காரணம். கியர்ப்பெட்டி "வேகத்தை இவ்வளவு குறை" என்று கேட்டால் எஞ்சின் கேட்டு நடக்க வேண்டும். பழைய டீசல் பம்புக்கு அந்த மொழி தெரியாது. 2017இல் நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று புகை விதிகள் இறுகி, எஞ்சின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிய பிறகுதான் இரண்டும் பேசிக்கொள்ள வழி பிறந்தது.

2. மைலேஜ் கணக்கை நீங்களே போடுங்கள்

ஷோரூமில் முதலில் சொல்வது மைலேஜ். அதை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம்.

மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் 2,500 லிட்டர். ஏஎம்டியில் அது 4.2 ஆனால் 2,381 லிட்டர் போதும். மிச்சம் 119 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் மாதம் சுமார் 11,000 ரூபாய். இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு வரும் கூடுதல் தவணையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இனிமேல்தான் கேட்க வேண்டிய கேள்வி. இப்போது உங்கள் வண்டிக்கு 4 கொடுப்பது யார்? எஞ்சினை எப்போதும் ஆர்பிஎம் மீட்டரில் டீசல் மிச்சமாகும் பச்சைப் பட்டையிலேயே வைத்து, ஏற்றத்துக்கு முன்பே கியரை இறக்கி, சிக்னலைத் தூரத்தில் பார்த்ததுமே காலை எடுக்கிற ஓட்டுநர் என்றால், அவர் ஏற்கெனவே 4.2ஐத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் ஏஎம்டி புதிதாக எதையும் மிச்சம் பிடிக்காது. ஏஎம்டி சுமாரான கையை நல்ல கைக்குப் பக்கத்தில் கொண்டுவரும். நல்ல கையை அதற்கு மேலே ஏற்றாது.

அதனால் மாதத்துக்கு ஒரு ஓட்டுநர் மாறும் வண்டிக்கு ஏஎம்டி லாபம். ஓனரே ஓட்டும் வண்டிக்கு டீசலில் லாபம் குறைவு. ஆனால் இடது முழங்காலுக்கு லாபம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் டிரெய்லரோடு வரிசையில் நின்று ஊர்ந்தவரிடம் கேளுங்கள், ஒரு நடைக்கு எத்தனை நூறு முறை கிளட்ச் மிதித்தார் என்று. இதை எந்த மைலேஜ் கணக்கும் காட்டாது. ஓட்டுநர் கிடைக்காமல் வண்டி பட்டறையில் நிற்கிற இந்தக் காலத்தில், "அந்த வண்டின்னா நான் போறேனுங்க" என்று ஒருவர் சொல்வதற்கு விலை உண்டு.

மேனுவலே போதும் என்று நான் நினைக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்குக் குறைந்த தூரமே ஓடும் வண்டி. நிறுவனத்தின் சர்வீஸ் மையம் எட்டாத ஊர்களில் ஓடும் வண்டி. நாலைந்து வருடத்தில் விற்றுவிட்டு மாற்றும் பழக்கமுள்ளவரின் வண்டி. கடைசியில் சொன்னவருக்கு, பழைய ஏஎம்டியைப் பார்த்துத் தயங்கி நிற்கும் வாங்குபவர்தான் எதிரே வருவார்.

3. லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை ஷோரூம் முன்னால் ஒரு சுற்று ஓட்டினால் எல்லா ஏஎம்டியும் தேன் மாதிரி இருக்கும். லோடோடு ஓட்டக் கேளுங்கள். தரவில்லையென்றால் அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து அவரோடு ஒரு நடை போய் வாருங்கள்.

மூன்று இடங்களில் கவனியுங்கள். மேம்பால ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி பின்னால் உருளுகிறதா? பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சில நொடி வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி பெரும்பாலான ஏஎம்டியில் உண்டு. அது லோடோடும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குடோன் வாசலில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். ஏஎம்டியின் பலவீனம் வெளிப்படுவது இங்கேதான். கால் சொல்வதற்கும் சக்கரம் நகர்வதற்கும் நடுவில் ஒரு சிறு யோசனை இருக்கும். மூன்றாவது, ஏற்றத்தின் நடுவில் கியர் மாறும்போது வண்டி எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பது.

கால் பிரேக்குக்குத் துணையாகப் புகைவழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும்தானா, எஞ்சினையே தடுப்பாக்கும் எஞ்சின் பிரேக் உண்டா, சுழலும் தண்டைத் தடுக்கும் ரிட்டார்டர் உண்டா, அவை கியர்ப்பெட்டியோடு சேர்ந்து வேலை செய்யுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மலைப்பாதை ஓட்டம் இருந்தால் பாட்டு சிஸ்டத்தில் மயங்காமல் இதற்குப் பணம் போடுங்கள்.

4. முதல் வாரம்: இடது காலைக் கட்டிப்போடுங்கள்

ஏஎம்டியில் நான் உட்கார்ந்த முதல் நாள், ஒரு சுங்கச்சாவடி. வேகம் குறைந்ததும் இடது கால் பழக்கத்தில் தானாக எழுந்து இல்லாத கிளட்சைத் தேடியது. கிடைத்தது பிரேக் பெடலின் இடது ஓரம். கிளட்சை மிதிக்கிற பலத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருந்த பையன் கண்ணாடியில் முட்டாதது அவன் அதிர்ஷ்டம். பின்னால் வந்தவர் கொடுத்த ஹாரனை இன்னும் மறக்கவில்லை.

இடது காலை சீட்டுக்கு அடியில் பின்னுக்கு மடக்கி வையுங்கள். ஒரு வாரம் போதும், அது வேலையை மறந்துவிடும். மேனுவலும் ஏஎம்டியும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு அது மறக்கவே மறக்காது. அவர் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

காலையில் கிளப்பும்போது காற்றழுத்தம் ஏறும்வரை பொறுங்கள். ஏஎம்டியில் காற்று இல்லையென்றால் பிரேக்கோடு கியரும் இல்லை. முள் பச்சைக்கு வந்த பிறகு பிரேக்கை மிதித்து 'டி' (முன்னோக்கி ஓட்டும் நிலை) போடுங்கள். கியர் விழுந்ததாகத் திரையில் காட்டிய பிறகே ஆக்சிலரேட்டருக்குப் போங்கள். கணினி 1 அல்லது 2இல் கிளம்பத் தேர்ந்தெடுத்தால் அதை மாற்ற வேண்டாம். லோடையும் சரிவையும் கணக்கிட்டுத்தான் அது எடுக்கிறது. மேல் கியரில் கிளப்பினால் அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் பிளேட்டுதான் தேய்ந்து கொடுக்க வேண்டும்.

5. வரிசையில் ஊரும்போது

ஏஎம்டி கிளட்சுகள் உயிரை விடுவது மலையில் என்று நினைப்போம். நெரிசல்தான் அதிகம் தின்கிறது.

மேனுவலில் அரைக் கிளட்சில் நின்றால் இடது கால் வலிக்கும், பெடல் நடுங்கும், நாமே எடுத்துவிடுவோம். கால்தான் எச்சரிக்கை மணி. ஏஎம்டியில் அந்த மணி கிடையாது. மேம்பாலச் சரிவில் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நகராமல் நிறுத்தி வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அந்த நேரம் முழுக்க பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வாசனை வரும்போது பாதி போயிருக்கும். திரையில் கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, நியூட்டிரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். "இன்னும் நாலு வண்டிதானே" என்று தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகர வேண்டாம். இரண்டு லாரி நீளம் இடைவெளி விழட்டும். பிறகு பிரேக்கை விட்டுக் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்வரை நகர்ந்து, முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் ஊருங்கள். நடுவில் ஆட்டோவும் பைக்கும் நுழையும்தான். நுழையட்டும். 430 மில்லிமீட்டர் கிளட்ச் செட்டை மாற்றும் செலவும் வண்டி நிற்கும் நாட்களும் அதைவிடப் பெரிசு.

6. ஏற்றம்

கணினிக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வரைபடத்தை வைத்து மேட்டை முன்கூட்டி அறியும் வசதி ஐரோப்பிய வண்டிகளில் வந்துவிட்டது. அது இல்லாத வண்டி இந்த நொடியின் சரிவை மட்டும்தான் அளக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். வளைவுக்குள் நுழையும்போது காலை எடுப்போம். வண்டி மேல் கியருக்கு ஆசைப்படும். வளைவு முடிந்து மிதிக்கும்போது மறுபடி கீழே இறங்கும். இந்த ஊசலாட்டத்தில் வேகம் போய்விடும்.

வளைவுக்கு முன்பே மேனுவல் முறைக்கு மாற்றி, வளைவை முழுதாக எடுக்கக்கூடிய கியரில் பூட்டி வையுங்கள். முறையை மாற்றுவது தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தானை வைத்ததே இதற்காகத்தான். சேறும் அப்படியே. கல்குவாரி டிப்பர் மழையில் இறங்கினால் தானியங்கியை நம்பாமல் கியரைப் பூட்டி, வேகத்தை விடாமல் ஒரே இழுவையில் வெளியே வர வேண்டும். நடுவில் கியர் மாறினால் அந்த ஒரு நொடியில் சக்கரம் புதைந்துவிடும்.

7. இறக்கம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்டிரலில் விடுவதும், எஞ்சினையே அணைப்பதும், பிறகு பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள்மீது ஏறுவதும் அங்கே எத்தனையோ முறை நடந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை வைத்தும், நிறுத்திச் சொல்லியும் தீரவில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 130 லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். எஞ்சின் தடுக்காவிட்டால் காற்றும் டயரும் தின்றது போக மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். டிரம் விரிகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது. கால் அடிவரை போகும், வண்டி நிற்காது.

அதனால் சரிவு தொடங்கும் முன்பே, மேலேயே, வேகத்தைக் குறையுங்கள். மேனுவல் முறைக்கு மாறுங்கள். இந்த லோடோடு இந்த மேட்டை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர் அல்லது அதற்கு ஒன்று கீழே. எஞ்சின் பிரேக்கைப் போடுங்கள். எஞ்சின் பிரேக் நன்றாகப் பிடிப்பது அதிக ஆர்பிஎம்மில்தான். மைலேஜுக்குச் சொன்ன பச்சைப் பட்டையை இங்கே மறந்துவிட்டு, சிவப்பைத் தொடாமல் மேலேயே வைத்திருங்கள். கால் பிரேக் நடுநடுவே வேகத்தை வெட்ட மட்டும். மிதித்தபடியே வரக்கூடாது.

பாதி இறக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏஎம்டி உங்களுக்குக் கை கொடுக்காது. வேகம் கூடிய பிறகு கீழ்க் கியரைக் கேட்டால் எஞ்சின் உடைந்துவிடும் என்று கணினி மறுத்துவிடும். மேனுவலில் நிலைமை இன்னும் மோசம். எடுத்த கியர் மறுபடி விழாமல் நியூட்டிரலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சில ஏஎம்டிகள் லேசான சரிவில் தாங்களே நியூட்டிரலுக்குப் போய் உருளும். "அதுவே போகுது, நான் போட்டா என்னங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். அது சரிவையும் வேகத்தையும் ஒவ்வொரு கணமும் அளந்துகொண்டு, கொஞ்சம் வேகம் மிஞ்சினால் கியரைத் தானே போட்டுவிடும். நாம் 'என்' (நியூட்டிரல்) போட்டால் அதன் கையைக் கட்டிப் போட்டது மாதிரி. இறக்கத்தில் 'என்' பக்கம் கையே போகக்கூடாது.

8. பராமரிப்பு

காற்று டேங்கில் சேரும் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஏர் டிரையரை நேரத்துக்கு மாற்றுங்கள். பிரேக்குக்குப் போகும் காற்றுதான் கியர்ப்பெட்டி வால்வுகளுக்கும் போகிறது. ஈரமும் எண்ணெயும் அங்கே போய் ஒட்டினால் கியர் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வார். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே மாதிரிப் பேய்க்கோளாறுகள் வரும். கியர்ப்பெட்டியைத் திறக்கச் சொல்லுமுன் வோல்டேஜைப் பாருங்கள்.

கிளட்ச் மாற்றினால் கணினிக்குப் புதுப் பிளேட்டின் பிடிப்புப் புள்ளியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கருவி இல்லாத பட்டறையில் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு "குலுக்குதுங்க" என்று வருகிறவர்கள் உண்டு.

பாடி கட்டும் பட்டறைக்கு ஒரு வார்த்தை. சேஸியில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கணினிப் பெட்டிகளின் பிளக்கையும் கையேட்டில் சொன்னபடி எடுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் இதைத் தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவசரத்தில் விடுவதுதான் சிக்கல்.

மேனுவல் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கிளட்ச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரத்தை, மாதாமாதம் பாருங்கள். 9 கியர் பெட்டியில் வேகமாகப் போகும்போது மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறக்காதீர்கள்.

9. வழியில் நின்றுவிட்டால்

ஏஎம்டி வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது. கிளட்சை விடுவிக்கவும் கியர் போடவும் காற்றும் மின்சாரமும் வேண்டும். திரையில் வரும் பிழை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். சாவியை அணைத்துப் போட்டால் சில எண்கள் மறைந்துவிடும், மெக்கானிக்குக் கிடைக்காது. கட்டி இழுக்க வேண்டியிருந்தால் முதலில் கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டிக்குள் எண்ணெய் போகாது. நல்ல பெட்டியையும் வறட்டுச் சுழற்சி தின்றுவிடும். இழுக்க வருகிறவர் "பத்து கிலோமீட்டர்தானே, வேண்டாம்ங்க" என்பார். கழற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பக்கத்தில் நின்று கழற்ற வையுங்கள். போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, இழுக்கும் வண்டியில் இல்லாமல் உங்கள் கேபினிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.